குடிநோயாளிகள் கூட்டம்: நாலு வருஷம் போய்வந்தவனின் அனுபவம்

காரைக்குடிப் பக்கம் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன் நான். கல்யாணம், சாந்தி என்று விசேஷ வீடுகள்தான் பிழைப்பு. அரசே டாஸ்மாக் கடைகளை நடத்த ஆரம்பித்த 2003இல்தான் நானும் கரண்டி பிடித்தேன். ரெண்டும் சேர்ந்தே வளர்ந்தது.

வெள்ளைப் பணியாரத்துக்குக் கை நிதானம் வேணும். ஒரு கரண்டி மாவை ஒரே ஊத்தாக எண்ணெயில் விடணும். கை ஆடினால் வால் முளைத்துவிடும். கடைசி வருஷங்களில் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்றாகிப்போச்சு. ஒரு வீட்டு ஆச்சி வால் முளைத்த பணியாரத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, காய்ச்சலா?” என்றார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது.

ரோஷத்தில் அன்றைக்கே நிறுத்தினேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். மறுநாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு சாரை சாரையாக ஏறியது, எனக்கு மட்டும். அப்புறம் வலிப்பு. வருஷக்கணக்காகத் தினம் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளில் வலிப்பு வரலாம், அதையொட்டிப் பிதற்றலும் வரலாம், உயிரே போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டுத்தான் மீட்டார்கள். அதனால் முதலில் டாக்டர், பிறகுதான் கூட்டம். சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கிற மருந்தைத் தொடவே தொடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து) இருந்து, அது தெரியாமல் சாப்பிட்டவர் குடித்தால் மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம். சமையல்காரன் சொல்கிறேன்.

ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற குடிநோயாளிகள் கூட்டம் பற்றி ஒரு நர்ஸ்தான் சொன்னார். 1935இல் அமெரிக்காவில் ரெண்டு குடிகாரர்கள் ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பேசியே நிறுத்தியதில் தொடங்கியதாம். இந்தியாவுக்கு வந்தது 1957இல். குடியை விடணும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. கட்டணம் கிடையாது, ஊர் பேர் விசாரிப்பு கிடையாது.

பேர் தெரியாமல் இருக்கலாம் என்பதெல்லாம் பெரிய ஊருக்குச் சரி. இங்கே எந்த வளவுக்குள் நுழைந்தாலும் என்னைத் தெரியும். அதனால் பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். மூன்றாவது வாரம் கூட்டம் ஆரம்பித்த பிறகு ஒருத்தர் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே வந்தார். எங்கள் ஊர் ஆத்தங்குடிக் கல் பதிக்கிற மேஸ்திரி. “அண்ணே, நீங்களுமா?” ரெண்டு பேரும் ஒளிய வந்த இடம் ஒன்றாகிப்போச்சு. மாட்டுத்தாவணியில் டீ குடிக்கும்போது, “நம்ம ஊர்ப் பக்கமே ஒண்ணு நடக்குதாம்ணே, பஸ் காசாவது மிச்சம்” என்றார். எங்கே என்று எழுதமாட்டேன். அங்கே வருகிறவர்களும் என்னை மாதிரி ஊருக்குத் தெரிந்தவர்கள்தான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான்: பிளாஸ்டிக் நாற்காலி, டீ, ஒன்றரை மணி நேரம். பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்து அவரவர் கதை. நடுவில் யாரும் புத்திமதி சொல்லக்கூடாது. கடைசியில் ஒரு பை வரும், பத்தோ இருபதோ போடலாம், போடாமலும் இருக்கலாம். வெளியார் பணத்தை வாங்குவதில்லை.

அஞ்சு வாரம் வாயைத் திறக்கவில்லை. ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தர் குவார்ட்டர் பாட்டிலைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு இடம் மறந்து கொல்லை முழுக்கத் தோண்டிய கதையைச் சொன்னார். நான் புளிப்பானைக்குள் வைத்ததையும், ரசத்துக்குப் புளி எடுக்கப் போன மனைவி கையில் அது சிக்கியதையும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டில் நடந்தது சிரிக்கிற மாதிரி இல்லை.

குறைகளும் உண்டு. அதே கதைகளைப் பத்து தடவை கேட்கணும். மேலான சக்தி என்ற பேச்சு சிலருக்கு ஒட்டாது. மாத்திரையும் போதைதான், நிறுத்து என்று ஒரு பெரியவர் சொன்னார். கேட்டிருந்தால் கெட்டிருப்பேன், அதை டாக்டர்தான் சொல்லணும். ஒரு பெண் ரெண்டு வாரம் வந்தார், பிறகு வரவில்லை. நாங்கள் பார்த்த பார்வைதான் காரணம் என்று நினைக்கிறேன். குடும்பத்தினருக்கான அல்-அனான் எங்கள் பக்கம் இல்லை. மனைவி போனில்தான் சேர்ந்திருக்கிறாள்.

பதினாலாம் மாசம் சறுக்கினேன். ஆடி மாசம், முகூர்த்தமில்லை, வேலையில்லை, சாயங்காலம் நீண்டுகொண்டே போகும். ஒன்பது நாள் குடித்தேன். பத்தாம் நாள் மேஸ்திரி வந்து திண்ணையில் உட்கார்ந்தார், மோர் குடித்தார், “புதன்கிழமை கிளம்பும்போது கூப்பிடுறேண்ணே” என்று போய்விட்டார். கூட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாள் கணக்கை மட்டும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

எங்கே விசாரிப்பது என்று தெரியாதவர்கள் 14446க்கு அடிக்கலாம், மது, போதை மீட்புக்கான இலவச எண். மனசு சரியில்லை என்றால் டெலிமானஸ் 14416.

இப்போது கூட்டத்தில் டீ போடும் பொறுப்பு என்னுடையது. முதல் நாள் எனக்கு அரை கிளாஸ்தான் கொடுத்தார்கள், கஞ்சப் பயல்கள் என்று நினைத்தேன். புதிதாக வருகிறவருக்கு நானும் அரை கிளாஸ்தான் ஊற்றுகிறேன். நிறைய ஊற்றினால் கை நடுக்கத்தில் சட்டையில் சிந்தும், அந்த வெட்கத்தில் மறுவாரம் வரமாட்டார். மீதி அரை கிளாஸை அப்புறம் கொடுப்பேன்.