சூப்புக்கு முழு மதிப்பெண், பலகைக்கு முட்டை

பினாங்கில் ஆட்டுக்கால் சூப் எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொரு கடையைச் சொல்வார்கள்; சொல்லிவிட்டுச் சண்டையும் போடுவார்கள். என் ஓட்டு, லிட்டில் இந்தியாவில் லெபோ பாசாரை ஒட்டிய சந்து ஒன்றில் மாலையில் மட்டும் முளைக்கும் ஓர் ஒட்டுக்கடைக்கு. கடைக்குப் பெயர் கிடையாது. ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் நடந்தால் மிளகும் வறுத்த கொத்தமல்லி விதையும் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிடும். பெயர்ப்பலகைதான் இல்லையே தவிர, அடுப்புக்கு மேலே வேறொரு பலகை தொங்குகிறது. சிவப்பு எழுத்தில்: ‘கால்சியம் நிறைந்த சூப். எலும்புக்கு எலும்பே மருந்து.’

சூப்புக்கு நான் ரசிகை. பலகையோடு எனக்குத் தகராறு. பணி ஓய்வு பெறும்வரை அரசு மருத்துவமனை ஒன்றின் எலும்பு வார்டில் தாதியாக இருந்தவள் என்பதால், அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் குடித்துவிட்டு வர என்னால் முடியவில்லை.

முதலில் சூப். கால்களை நெருப்பில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி வீட்டிலிருந்தே கொண்டு வருகிறார்கள். இந்த வாட்டுதலில்தான் பாதி ருசி இருக்கிறது. வெந்நீரில் முக்கி மயிரை வழித்தெடுக்கும் கடைகளின் சூப்பில் கடைசி வாயில் ஒரு தொழுவ வாடை எட்டிப் பார்க்கும். இங்கே அது இல்லை, மெல்லிய புகை மணம் மட்டும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு மூன்றையும் அரிவதில்லை, உரலில் நசுக்கிப் போடுகிறார்கள். மிளகு, சீரகம், சோம்பு, கொத்தமல்லி விதை, ஒரு துண்டுப் பட்டை. கொதி அடங்கிய பிறகு மேலே பொரித்த வெங்காயமும் நறுக்கிய சூப் இலையும். மாவு கரைத்து ஊற்றுவதில்லை, உருளைக்கிழங்கை மசித்துச் சேர்ப்பதும் இல்லை. ஆனாலும் சூப் கொழகொழவென்று கெட்டியாக இருக்கும். மூன்றாவது வாய் குடித்ததும் மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொள்ளும். மீந்ததைக் கட்டி வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் டப்பாவைக் கவிழ்த்தாலும் விழாது.

தொட்டுக்கொள்ள ரொட்டி பெங்காளி. தடிப்பாக வெட்டி, கல்லில் இலேசாகச் சுட்டுத் தருகிறார்கள். சூப்பில் முக்கினால் கரைந்து போகாமல் கடற்பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தே நிற்கும். இந்த ரொட்டியை நம் பினாங்கு மாமாக்காரர்கள் சுடுவதுபோல் வேறு ஊரில் சுட்டு நான் சாப்பிட்டதில்லை. கோலாலம்பூர் உறவினர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இனிப் பலகைக்கு வருகிறேன்.

என் அக்கா ஆயர் ஈத்தாமில் இருக்கிறார். ஆண்டுத் தொடக்கத்தில் குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இது வாடிக்கையாக வரும் முறிவு. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கிவிடும். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கையில் தூக்குச்சட்டி. எல்லாச் சட்டியிலும் ஆட்டுக்கால் சூப். ‘குடியுங்கள் சித்தி, முறிந்த எலும்பு ஒட்டிக்கொள்ளும்’ என்பது எல்லார் வாயிலும் ஒரே வசனம். அக்காவும் நம்பிக்கையோடு குடித்தார். காலையில் கிளினிக்கில் கொடுத்த கால்சியம் மாத்திரையை மட்டும், ‘அதுதான் சூப்பில் வந்துவிடுகிறதே’ என்று ஓரமாக வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு எழுத்து என் நினைவுக்கு வந்து எரிச்சலைக் கிளப்பியது.

எலும்பில் கால்சியம் ஏராளமாக இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. வளர்ந்த மனித உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். ஆனால் அது அங்கே உப்பாகவோ சர்க்கரையாகவோ தூவி வைக்கப்பட்டிருக்கவில்லை. பாஸ்பேட்டோடு சேர்ந்து படிகமாக, கொலாஜன் என்ற புரத நாரின் இடுக்குகளில் இறுகிக் கிடக்கிறது. வெந்நீரில் கரைவது அந்த நார். அதுதான் ஜெலட்டினாகி உதட்டை ஒட்டவைக்கிறது, குளிர்பெட்டியில் உறைகிறது. படிகம் வெந்நீருக்கு அசைந்து கொடுக்காது. எத்தனை மணி நேரம் கொதித்தாலும் கால்சியத்தின் பெரும்பகுதி எலும்போடுதான் நிற்கிறது. நாம் சப்பித் துப்பியதை ஓரத்தில் படுத்திருக்கும் பூனை இழுத்துக்கொண்டு போகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகரில் மூழ்கும்படி சில நாள் போட்டு வையுங்கள். இடையில் வினிகரை மாற்றுங்கள். எடுத்துப் பார்த்தால் எலும்பு ரப்பர்போல் வளையும். அமிலம் படிகத்தைக் கரைத்துவிட்டு நாரை விட்டுவைத்தது. வெந்நீர் செய்வது இதற்கு நேர் எதிர். இலண்டனில் மெக்கான்ஸ், ஷெல்டன், விடோசன் என்ற மூவர் 1934லேயே, குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த எலும்புச் சாற்றை அளந்து பார்த்துக் கால்சியம் சொற்பம் என்று எழுதிவிட்டார்கள். பிறகு வந்த அளவீடுகளும் அதையே சொல்கின்றன: ஒரு கிண்ணம் சூப்பில் ஒரு நாள் தேவையின் நூற்றில் ஐந்து பங்குகூடப் பொதுவாகத் தேறாது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 300 இருக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் உப்பு வேறு. இந்தக் கடையில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகவே இருக்கும். மழை நாளில் அதுவே நன்றாகவும் இருக்கும். ஆனால் சிறுநீரகம் உப்பை வெளியேற்றும்போது கூடவே கால்சியத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு தேக்கரண்டி உப்புக்கு ஏறக்குறைய 40 மில்லிகிராம் என்பது படித்த கணக்கு. சூப் இடது கையால் கொடுப்பதை உப்பு வலது கையால் பிடுங்கிக்கொள்கிறது.

கால்சியம் குறைந்தால் என்ன, எலும்புதானே தேயும் என்று கேட்பவர்கள் உண்டு. எலும்புக்கு முன்னால் இதயம் இருக்கிறது. சிட்னி ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெட்டியெடுத்த தவளை இதயத்தை உப்புநீரில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புநீரில் துடித்த இதயம், வாலை வடித்த தூய நீரில் கலந்ததும் அடங்கிப் போயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிப்பைக் காப்பாற்றியது என்று 1883இல் எழுதினார். தசை சுருங்க, நரம்பு பேச, இரத்தம் உறைய எல்லாவற்றுக்கும் அது வேண்டும். எனவே இரத்தத்தில் அதன் அளவு குறைய உடம்பு விடாது. குறையும்போலத் தெரிந்தால் தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பயறளவு சுரப்பிகள் நான்கும் ஆணை போட்டு எலும்பிலிருந்து எடுத்துவிடும். எலும்பை அடகு வைத்துத்தான் இதயத்துக்குச் சாப்பாடு. அடகு மீளாமலே போனவர்களை வார்டில் கட்டிலுக்குக் கட்டில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பாட்டிமார்கள், பெரும்பாலும் இடுப்பு.

வேடிக்கை என்னவென்றால், அதே கடையில் உண்மையான கால்சியம் உண்டு. பலகையில்தான் இல்லை. சூப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் நெத்திலி வறுவல் இருக்கும். தலையும் முள்ளுமாக, முழுசாக, நிலக்கடலையோடு பொரித்தது. நாசி லெமாக் கடைகள் பலவற்றில் தலையைக் கிள்ளி, வயிற்றைப் பிளந்து, முள்ளை உருவிய உயர்ரக நெத்திலிதான் கிடைக்கும். விலையும் அதற்குத்தான் கூடுதல். கால்சியம் வேண்டியவர்களுக்கு மலிவான முழு நெத்திலியே மேல். அங்கே எலும்பைச் சாறு பிழிவதில்லை, மென்று விழுங்குகிறோம். வயிற்றின் அமிலம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்தக் கடை வறுவல் பல்லில் பட்டதும் நொறுங்கும் பதத்தில் இருக்கிறது. உப்புக் கருவாடு என்பதால் ஒரு தடவை கழுவிப் பிழிந்துதான் பொரிக்கிறார்கள் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மோரும் உண்டு. தயிரில் நீர் அளவோடு இருக்கிறது. கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டிருக்கிறார்கள். சில நாள்களில் முருங்கைக்கீரைப் பொரியலும் கிடைக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். நூறு கிராம் பச்சை முருங்கை இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எல்லாக் கீரையும் இப்படி நல்ல பிள்ளையாக இருப்பதில்லை. பசலையில் அட்டவணைப்படி கால்சியம் நிறைய; ஆனால் ஆக்சாலிக் அமிலம் அதைக் கட்டிப் போட்டுவிடுவதால் நூற்றில் ஐந்து பங்குதான் உடம்பில் சேரும். பாலில் முப்பது பங்கு சேர்கிறது.

குறை என்று சொன்னால், தேநீர். தே தாரேயில் பால் இருக்கிறது, கால்சியம் வரும் என்று நினைத்துக் குடிக்காதீர்கள். இந்தக் கடையில் மட்டுமல்ல, ஊரெங்கும் அதில் ஊற்றும் டின்னைத் திருப்பிப் படித்தால் ‘இனிப்புக் கிரீமர்’ என்றிருக்கும். பனை எண்ணெயும் சர்க்கரையும் மிகுதி, பால் குறைவு. இரண்டாவது குறை, உட்காரும் இடம். நீல நிற பிளாஸ்டிக் முக்காலிகளில் ஒன்று எப்போதும் ஆடும். எனக்கு அதுதான் வாய்க்கிறது. இடுப்பு வலி உள்ளவர்கள் நடைபாதைச் சுவரோரம் உட்காருவது நல்லது.

அந்தச் சுவரையும் கொஞ்சம் பாருங்கள். பழைய கடைவீட்டின் சுவர். மேல்பகுதியில் அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு இன்னும் கெட்டியாக இருக்கிறது. கீழே யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் சாயம் கொப்புளித்து உரிந்து விழுகிறது. சுண்ணாம்பு சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். ஜார்ஜ் டவுன் 2008இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய கட்டடங்களைச் செப்பனிடுவோர் சுண்ணாம்புக்கே திரும்புவதும் இதனால்தான். சுட்ட சுண்ணாம்பை நீரூற்றி நீற்றிப் பூசினால், அது காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிறது. அந்தக் கல்லும், பத்துமலைக் குன்றும், குவே தியாவில் போடும் கெராங் சிப்பியின் ஓடும், அக்கா ஒதுக்கிவைத்த மாத்திரையும் முக்காலே மூன்று வீசம் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். ஆக, அந்த ஒட்டுக்கடையில் கால்சியம் சுவரில் இருக்கிறது, நெத்திலித் தட்டில் இருக்கிறது, மோர்ப் பானையில் இருக்கிறது. பலகை சொல்லும் இடத்தில்தான் இல்லை.

கடைக்காரரிடமே சொன்னேன். நான் தாதியாக இருந்தது அவருக்குத் தெரியும்.

“தம்பி, அந்தப் பலகையில் சூப்பை அழித்துவிட்டு நெத்திலி என்று எழுதுங்கள்.”

கரண்டியை நிறுத்தாமலே சிரித்தார். “மிஸ்ஸி, நெத்திலி என்று எழுதினால் யார் உட்காருவார்கள்? நெத்திலி எல்லார் வீட்டிலும் இருக்கிறது.”

வியாபாரம் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. ஆனால் மறுபேச்சில்லாமல் ஒரு சிறு தட்டு நெத்திலியை என் சூப்புக்குப் பக்கத்தில் வைத்தார், காசு வாங்கவில்லை. அந்தக் குணத்துக்காகவும் சேர்த்துத்தான் இந்த மதிப்புரை.

முறிவு கண்டவர்களுக்குச் சூப் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். படுத்திருப்பவருக்குப் பசியைத் தூண்டும், தொண்டைக்கு இதமாக இருக்கும், நாலு பேர் வந்துபோன தெம்பும் சேரும். மாத்திரையை நிறுத்தாமல் குடித்தால் போதும். மாத்திரை கார்பனேட் வகையாக இருந்தால் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்குவது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் தள்ளி எடுக்க வேண்டும். காலை வெயிலில் கொஞ்சம் நடக்கவும் வேண்டும். வைட்டமின் டி இல்லாவிட்டால் உண்ட கால்சியம் குடலைச் சரியாகத் தாண்டாது; வெயில் காயும் இந்த நாட்டிலும் குளிர்சாதன அறைக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது குறைவதுண்டு.

சூப் எட்டு வெள்ளி, ரொட்டி இரண்டு வெள்ளி, நெத்திலி மூன்று, மோர் இரண்டு. நான்கையும் சேர்த்து வாங்குங்கள். ‘உப்புக் குறைத்து’ என்று சொன்னால் தனியாக அளந்து ஊற்றுவார்கள். திங்கட்கிழமை கடை இல்லை. எட்டரைக்கு மேல் போனால் கால் தீர்ந்து வெறும் சாறுதான் மிஞ்சும். காரை நிறுத்த இடம் தேடி அலையாதீர்கள். சற்றுத் தள்ளி விட்டுவிட்டு நடந்து வாருங்கள். வீட்டுக்கு வாங்குபவர்கள் தூக்குச்சட்டி கொண்டுபோங்கள், கொதிக்கும் சூப்பை பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.