லாக் டேபிளா, ஸ்லைடு ரூலா?

கால்குலேட்டர் வந்தபின் மதிப்பிழந்த இரண்டு கருவிகள்: மடக்கை (லாக்) எண்களின் அட்டவணையான லாக் டேபிள், நகர்த்திக் கணக்கிடும் அளவுகோலான ஸ்லைடு ரூல். இரண்டையும் ஒரே கணக்கில் மோதவிடலாம்: 0.045-இன் கனமூலம்.

லாக் டேபிளில் 45-ஆம் வரிசை, 0 நிரலில் .6532 கிடைக்கும். தசமப்புள்ளிக்குப் பின் ஒரு சுழி இருப்பதால் முன்னால் 'பார் 2', அதாவது தலையில் கோடு போட்ட 2; பொருள் −2. கனமூலத்துக்கு இதை 3-ஆல் வகுக்க வேண்டும்; அங்கேதான் பலர் கவிழ்கிறார்கள். பார் போட்ட 2 மட்டுமே குறை எண்; .6532 மிகை எண். அப்படியே வகுக்கக்கூடாது. பார் 3 + 1.6532 என்று மாற்றி வகுத்தால் பார் 1.5511. லாக்கிலிருந்து எண்ணைத் திருப்பித் தரும் ஆன்டிலாக் அட்டவணையில் பார்த்தால் 0.3557. நான்கு இலக்கம், நம்பலாம்.

ஸ்லைடு ரூலில் D என்ற அளவுகோல் எண்களின் கனங்களைக் காட்டுவது K அளவுகோல். 0.045 என்பது 45/1000; எனவே K-யின் நடுப் பகுதியில் 45-இன் மேல் கண்ணாடிக் கோட்டை நிறுத்தி, D-யில் படித்தால் 3.56. சில நொடி வேலை. ஆனால் முதல் பகுதியில் 4.5-ஐப் பிடித்தால் 1.65 என்று வரும். அது வேறு எண்ணின் மூலம். தசமப்புள்ளியையும் கோல் சொல்லாது, நாமே மனத்தில் வைக்க வேண்டும்; இங்கே 0.356. பத்து அங்குலக் கோலில் மூன்று இலக்கத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கூட்டல், கழித்தலுக்கும் உதவாது.

வேகமும் அளவைப் பற்றிய உணர்வும் வேண்டுமென்றால் கோல்தான் அழகு. 1972-இல் ஹெச்பி-35 என்ற கையடக்கக் கால்குலேட்டர் வந்தபின் கோலின் காலம் முடிந்தது. லாக் டேபிள் அதன் பிறகும் பல ஆண்டு உயிரோடு இருந்தது: சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை, லாக் டேபிளுக்கு இருந்தது. கற்பதானால் லாக் டேபிளையே முதலில் கற்கலாம், குறிப்பாக அந்த பார் வகுத்தலை.