தேய்ந்த சைட்டின் பளபளப்பு: புகைக்கரியா, கோல்டு ப்ளூவா, பெயிண்டா?

பழைய ரைபிளின் முன்சைட்டை, அதாவது குறி பார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முனையை, வெயிலில் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். உறையில் உரசி உரசி மேல்விளிம்பில் கறுப்பு போய், வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மின்னும். குறி பார்க்கும்போது அதுதான் தொல்லை. வெயில் வலப்பக்கம் அடித்தால் சைட்டின் வலது ஓரம் மட்டும் ஒளிரும். கண் அந்த ஓரத்தையே முழு சைட் என்று நம்பி இலக்கின் நடுவில் வைக்கும். குண்டு இடப்பக்கம் போகும். முன்சைட்டுக்கும் கண்பக்கம் இருக்கும் பின்சைட்டுக்கும் இடையே 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்சைட்டில் அரை மில்லிமீட்டர் பிசகினால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் தள்ளிப்போகும்.

இந்தப் பளபளப்பை மறைக்க என் ஓட்டு முதலில் புகைக்கரிக்கு. இலக்குச் சுடுபவர்கள் நெடுநாளாகச் செய்வது இது. கார்பைடு விளக்கின் அசிட்டிலின் சுடர் இதற்குப் பேர்போனது. கற்பூரமும் அதே வேலையைச் செய்யும். சுடர் நுனிக்கு மேலே எழும் கரும்புகையில் சைட்டை இரண்டு மூன்று விநாடி காட்டினால் போதும், வெல்வெட் ஒட்டியது போல் கரி படியும். பெயிண்டில் வராத கறுப்பு அது. அந்த நுண்ணிய துகள்களுக்கு நடுவே புகுந்த ஒளி திரும்பி வருவதில்லை. ரைபிள் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை) கழற்றி, தோட்டாக்களை வேறு இடத்தில் வைத்த பிறகே தீக்குச்சியைத் தொட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்திருந்தால் அது முழுக்கக் காயட்டும். ஈயப் பற்றவைப்பில் நிற்கும் சைட் என்றால் சூடு ஏறவிடக் கூடாது, சாதாரண ஈயப்பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். பிளாஸ்டிக் செருகல் உள்ள சைட்டுக்கு இந்த முறையே வேண்டாம்.

குறை? விரல் பட்டால் போச்சு. உறையில் ஒருமுறை போட்டு எடுத்தாலும் போச்சு.

அடுத்தது கோல்டு ப்ளூ. சூடாக்காமல், திரவத்தைத் தேய்த்தே இரும்பைக் கறுக்கவைப்பது. கறுத்துவிட்டால் கண்கூச்சம் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். துரு போகட்டும் என்று சைட்டை வழுவழுவென்று தேய்த்துவிட்டுத் தடவினேன். கிடைத்தது ஒரு கறுப்புக் கண்ணாடி! நிறத்தைவிட மேற்பரப்பின் சொரசொரப்புதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கண்ணைப் பார்க்கும் முகத்தை மட்டும் 400 எண் உப்புத்தாளால் மங்கவைத்து, அப்புறம் தடவினால் பலன் வேறு. மூலைகளை மட்டும் தேய்த்துவிடாதீர்கள், சதுர முனை உருண்டுவிட்டால் குறியே மங்கும். இந்தத் திரவங்களில் பெரும்பாலும் செலினியம் சேர்மம் இருக்கும். அது நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் அவசியம். அலுமினியத்தில் வழக்கமான கோல்டு ப்ளூ பிடிக்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் சரியாக வராது. துருப்பிடிக்காமல் இருக்கப் பிறகு எண்ணெய் பூசுவோம் இல்லையா, அந்த எண்ணெயே வெயிலில் மினுங்கும். சுடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

மேட் கறுப்பு, அதாவது மினுங்காத கறுப்புப் பெயிண்ட் கரியைவிட நிலைக்கும், ஆனால் தடிமன் கூடும். முன்சைட் அகலமாகும், பின்சைட்டின் பிளவு குறுகும், இரண்டுக்கும் நடுவே தெரிய வேண்டிய வெளிச்சக் கீற்று காணாமல் போகும். அடித்தே தீர வேண்டும் என்றால் ஒரே பூச்சு, அதுவும் மெல்லிசாக. மார்க்கர் பேனா அவசரத்துக்குச் சரி, சில மைகள் காய்ந்ததும் ஊதாவாக மினுங்கும்.

நீடித்து உழைப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சுவது மாங்கனீஸ் பாஸ்பேட் பூச்சு. மங்கலான கருஞ்சாம்பல் நிறம், எண்ணெயையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆனால் சைட்டைக் கழற்றி, 90 டிகிரிக்கு மேல் சூடான கரைசலில் முக்க வேண்டிய பட்டறை வேலை. அடிக்கடி சுடுகிற, மழை வெயில் பாராமல் வெளியே எடுக்கிற ரைபிள் என்றால் அதற்குச் செலவு செய்யலாம். மற்றவர்களுக்கு மங்கவைத்த பரப்பில் கோல்டு ப்ளூ, போட்டி நாளில் அதன் மேல் கொஞ்சம் கரி.

பழமைக்காகவே போற்றி வைத்திருக்கும் ரைபிள் என்றால் உப்புத்தாள், திரவம், பெயிண்ட் எதுவும் கிட்டே வரக் கூடாது. அதற்குக் கரி மட்டும்தான். சுட்டு முடித்ததும் துணியால் ஒரு துடை, பழைய தேய்மானம் அப்படியே திரும்பத் தெரியும்.