பள்ளி ஆசிரியருக்கு என்பிடெல் உதவுமா? சில ஆண்டுகள் படித்துப் பார்த்தபின்

தக்கலைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் படிப்புத் திட்டத்தில் சேர்ந்தேன், அப்புறம் விடவில்லை. "அது இன்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு உள்ளதுல்லா சார்?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003-ல் தொடங்கிய திட்டம். இப்போது மத்திய அரசின் ஸ்வயம் இணையதளம் வழியாகச் சேரலாம். 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. சேர்வதும் வீடியோ பார்ப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். அசைன்மென்டுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75.

எனக்குப் பிடித்தது அசைன்மென்ட்தான். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். கணக்கில் கை வைத்தால்தான் எது புரியவில்லை என்று தெரியும். வாராவாரம் கெடு இருப்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. முன்பு ஒரு தனியார் செயலியில் சந்தா கட்டி ஆசிரியர் பயிற்சி எடுத்தேன். அதில் வீடியோவை ஓடவிட்டு மீன்குழம்பு வைக்கப் போனாலும் சான்றிதழ் வந்துவிடும்.

வகுப்பில் என்ன மாறியது? மணவாளக்குறிச்சியிலிருந்து வரும் மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க ஊரு கடற்கரை மண்ணுல கதிர்வீச்சு உண்டுன்னு சொல்லுதாவ, உள்ளதா?" அணுக்கரு இயற்பியல் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். "உள்ளதுதான் மக்களே" என்று, மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதையும் அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருப்பதையும் சொன்னேன். அன்றைக்குப் பாடநூல் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தோரியம்-232 சிதைந்து காரீயம்-208 ஆவதற்குள் எத்தனை ஆல்ஃபா துகள், எத்தனை பீட்டா துகள் வெளியேறும் என்று போர்டில் போட்டோம். நிறை எண் 24 குறைகிறது, ஒரு ஆல்ஃபாவுக்கு 4 வீதம், அப்படியானால் ஆல்ஃபா 6. ஒன்றுக்கு இரண்டு வீதம் ஆறு ஆல்ஃபாவுக்கு அணு எண் 12 இறங்க வேண்டும். ஆனால் 90-லிருந்து 82-க்கு, எட்டுதான் இறங்கியிருக்கிறது. பீட்டா ஒவ்வொன்றும் ஒன்று ஏற்றுமே, ஆக பீட்டா 4. இதைப் பையன்களே கண்டுபிடித்தார்கள். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டுகள் என்றதும், "அப்போ அது தீரவே தீராதா சார்?" என்று பின்வரிசையிலிருந்து குரல். மணி அடித்த பிறகும் பேச்சு ஓடியது.

இப்படியான கேள்விக்குத் தைரியமாக நிற்க, பாடநூலுக்கு மேல் நாலு படி தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு. ஊதியத்தில் எனக்கு இதனால் ஒரு ரூபாய் கூடவில்லை.

குறைகளும் உண்டு. பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில், இளங்கலை, முதுகலை மட்டத்தில் போகும். கால்குலஸ் மறந்திருந்தால் முதல் இரண்டு வாரம் திணறல்தான். வகுப்பில் இதை எப்படி நடத்துவது என்று இயற்பியல் படிப்புகள் சொல்லித் தராது, அது நம் பாடு. ஐப்பசியில் இடி வெட்டினால் கரண்ட் போகும் நம் ஊரில், கெடு நாள் இரவு வரை அசைன்மென்டை வைத்திருக்கவும் கூடாது.

வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம், சும்மா சேர்ந்து வீடியோ பாருங்கள். பருவம் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பிளஸ் டூ எடுப்பவர்களுக்கு ஜூலைதான் தோது. ஜனவரியில் சேர்ந்தால் செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு, விடைத்தாள் திருத்தம் எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடிக்கும்.