ஃபார் க்ரை 2: வாங்கிய திட்டில் பாதிதான் நியாயம்

ஷூட்டர் கேம் விளையாடுகிறவர்கள் நாலு பேர் கூடினால், ஃபார் க்ரை வரிசையில் எது சிறந்தது என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் 3-க்குத்தான் ஓட்டு விழும். 2-இன் பெயரை எடுத்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். "திரும்பின பக்கமெல்லாம் செக்போஸ்ட், துப்பாக்கி ஜாம், போதாக்குறைக்கு மலேரியா. இதெல்லாம் ஒரு கேமா?" என்று ஒரு பாதி கேட்கும். மற்றப் பாதி அதே மூன்றையும் சொல்லி, அதற்காகத்தான் அதை மறக்க முடியவில்லை என்று சொல்லும். நான் மற்றப் பாதியைச் சேர்ந்தவன். ஆனாலும் திட்டுகிறவர்கள் காரணமில்லாமல் திட்டவில்லை. எது உண்மையான குறை, எது ஆட்டத்தின் உயிர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் 2-ஐயும் 3-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 2 வாங்கிய புகார் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதியது மாதிரி செய்யப்பட்டதுதான் 3.

முதல் ஃபார் க்ரையை 2004-இல் ஜெர்மனியின் கிரைடெக் செய்தது. அடுத்ததை யூபிசாஃப்டின் மான்ட்ரியல் ஸ்டூடியோ எடுத்துக்கொண்டது. 2008 அக்டோபரில் வந்த அந்த இரண்டாம் பாகத்துக்கும் முதல் பாகத்துக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இயக்கியவர் கிளின்ட் ஹாக்கிங். பயோஷாக் வெளிவந்த 2007-இல், அந்த ஆட்டத்தின் கதை ஒன்றைச் சொல்கிறது, ஆடும் விதம் அதற்கு நேர்மாறாக வேறொன்றைச் சொல்கிறது என்று எழுதி, இந்த முரண்பாட்டுக்கு ஒரு பெயரும் வைத்தவர் அவர். கேம் விமர்சனத்தில் அந்தச் சொல் இன்றுவரை புழங்குகிறது. அப்படி எழுதிய மனிதர் அடுத்த வருடம் தன் ஆட்டத்தை வெளியிடுகிறார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு 2-ஐ ஆடிப் பாருங்கள். நிறைய விளங்கும்.

களம், பெயர் சொல்லப்படாத ஓர் ஆப்பிரிக்க நாடு. உள்நாட்டுப் போர். யு.எஃப்.எல்.எல்., ஏ.பி.ஆர். என்று இரண்டு படைகள். இரண்டுக்கும் ஆயுதம் விற்பவன் ஜாக்கல் என்ற ஒரே ஆள். அவனைக் கொல்லக் கூலிக்கு வந்தவர் நீங்கள். வந்த அன்றே மலேரியாவில் விழுகிறீர்கள். ஹோட்டல் அறையில் கண் விழித்தால், கொல்ல வேண்டிய ஆளே கட்டில் பக்கத்தில் நின்று உங்கள் ஆவணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான். உங்களைக் கொல்லக்கூட மெனக்கெடாமல் போய்விடுகிறான். 2012 கடைசியில் வந்த 3-இல் நீங்கள் ஜேசன் பிராடி. ரூக் தீவுகளுக்கு விடுமுறைக்கு வந்து கடற்கொள்ளையரிடம் மாட்டிய அமெரிக்க இளைஞன். தப்பித்து, நண்பர்களை மீட்டு, போகப் போகக் காட்டுக்கே ராஜா ஆகிறான். ஒன்றில் முதல் காட்சியிலேயே உங்கள் உடம்பு உங்களைக் கைவிடுகிறது. மற்றதில் உங்கள் உடம்பு மணிக்கு மணி பலமாகிக்கொண்டே போகிறது.

சரி, செக்போஸ்டுக்கு வருவோம். 2 வாங்கிய வசவில் முக்கால்வாசி இதற்குத்தான்.

சாலைச் சந்திப்பு ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர் காவல் இருப்பார்கள். கஷ்டப்பட்டு எல்லாரையும் தீர்த்துவிட்டு, கொஞ்ச தூரம் போய் அதே வழியில் திரும்பினால், அதே இடத்தில் அதே மாதிரி நாலைந்து பேர். பாலா என்ற ஊரில் வேலையை வாங்கிக்கொண்டு வரைபடத்தின் மறுமூலைக்குப் போவதற்குள் மூன்று நான்கு சண்டை. நடுவில் ஜீப்பில் துரத்தல் வேறு. நீங்கள் எந்தப் படைக்காக வேலை செய்தாலும் இரண்டு படையும் பார்த்த உடனே சுடும். உங்கள் வேலை ரகசியம், கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது என்று கதை ஒரு காரணம் சொல்கிறது. அந்தக் காரணம் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்காது. புதருக்குள் குனிந்து போனாலும் ரொம்ப தூரத்திலிருந்தே பார்த்துவிடுவார்கள். இந்த இடத்தில் நான் வாதாட மாட்டேன். புகார் நியாயமானது.

3 இதை எப்படிச் சரிசெய்தது? தீவில் 34 அவுட்போஸ்டுகள், அதாவது எதிரியின் காவல் முகாம்கள். ஒன்றைப் பிடித்துவிட்டால் அது உங்களுடையது. கொள்ளையர் திரும்ப வரமாட்டார்கள், சுற்றுவட்டாரமே அடங்கிவிடும். பிடிப்பதிலும் எத்தனை வழி! மேட்டில் படுத்து கேமராவால் ஒவ்வொருவனையும் குறித்துக்கொள்ளலாம். அலாரத்தை அறுத்துவிட்டு, கல்லை எறிந்து ஒருவனைத் தனியே வரவைக்கலாம். ஒரு தடவை கூண்டில் புலி இருந்த அவுட்போஸ்டில் நான் கூண்டின் கதவை மட்டும்தான் சுட்டேன். மீதி வேலையைப் புலி பார்த்துக்கொண்டது. அந்த ஒரு நிமிடத்துக்காகவே 3-க்கு எழுந்து நின்று கை தட்டலாம்.

ஆனால் அப்புறம் என்ன நடந்தது என்று யாரும் பேசுவதில்லை. கதை பாதி தாண்டும்போது என் வடக்குத் தீவில் சுடுவதற்கு ஆளே இல்லை. நல்ல காற்று, நல்ல கடல், கையில் நாலு துப்பாக்கி, எதிரே யாரும் இல்லை. இது என் ஒருவனின் ஏக்கமும் அல்ல. 2013 தொடக்கத்தில், வெளியான ஆட்டத்தைத் திருத்த வந்த பேட்சில், பிடித்த அவுட்போஸ்டுகளை மறுபடி எதிரியிடமே கொடுத்துவிடும் வசதியைச் சேர்த்தார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் எதிரி திரும்ப வருகிறானே என்று திட்டினோம். வராமல் போனதும் வரவழைக்க ஒரு பட்டன் தேவைப்பட்டது. ஆக, 2 கண்ட யோசனை தப்பில்லை, அளவுதான் தப்பு. விளையாட்டுக் கணக்கில் இரண்டு நாள் கழித்து ஆள் திரும்பியிருந்தால் இத்தனை பேர் பாதியில் விட்டுப் போயிருக்க மாட்டார்கள்.

துப்பாக்கி விஷயம் வேறு. அதில் திட்டுகிறவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்பேன்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சாயங்கால வெளிச்சம். பாலத்துக்கு இந்தப் பக்கம் காய்ந்த புல்லில் குனிந்திருக்கிறேன். கையில் செத்தவனிடமிருந்து எடுத்த ஏகே, மேலெல்லாம் துரு. இரண்டு பேரைச் சாய்த்தேன். மூன்றாமவன் ஓடி வரும்போது துப்பாக்கி நின்றுவிட்டது. ரீலோட் பட்டனை அழுத்தினால் திரையில் என் கை அதை அறைகிறது, இழுக்கிறது, மறுபடி அறைகிறது. அவன் பக்கத்தில் வந்துவிட்டான். பின்னால் ஓடிக்கொண்டே ஒரு பெட்ரோல் குண்டை வீசினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. புல் பற்றியது, அவனைப் பிடித்தது, அப்படியே என் பக்கம் திரும்பியது. ஆற்றில் குதித்துத் தப்பித்துக் கரையேறி, திரையில் காட்டும் உயிரில் ஒரே ஒரு கட்டம் மிச்சத்தோடு, குறடால் கையிலிருந்து குண்டைப் பிடுங்கி எடுத்தேன். இதில் எந்தக் காட்சியையும் யாரும் எனக்காக எழுதி வைக்கவில்லை. துரு, காற்று, காய்ந்த புல், என் அவசரம், இந்த நாலும் சேர்ந்து எழுதியது.

இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, துப்பாக்கி சும்மா ஜாம் ஆகாது என்பதுதான். எதிரியிடமிருந்து பிடுங்கியது துருப்பிடித்தது, அதனால் சீக்கிரம் மாட்டும். வைரம் கொடுத்துக் கடையில் வாங்கியது புதியது, சுடச் சுடப் பழசாகும், அப்புறம்தான் மக்கர் செய்யும். சண்டைக்குப் போகிறவன் ஆயுதத்தைப் பார்த்து எடுத்துப் போக வேண்டும் என்கிறது ஆட்டம். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டவர்கள் பலர், கடைசி வரை செத்தவன் துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள். 3-இல் எந்தத் துப்பாக்கியும் மாட்டாது. ரேடியோ டவர் ஏறினால் சிலது இலவசமாகவே கிடைக்கும். அதனாலேயே அங்கே ஆடிய சண்டைகளில் எந்தத் துப்பாக்கி கையில் இருந்தது என்று எனக்கு நினைவே இல்லை.

வரைபடமும் அப்படித்தான். 2-இல் மேப்பைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் ஆள் அதைக் கையில் விரிப்பார். ஆட்டம் அதற்காக நிற்காது. வண்டி ஓட்டும்போது மேப்பைப் பார்த்தால் வண்டி மரத்தில் மோதும். இரண்டு பாகமாக, மொத்தம் 50 சதுர கிலோமீட்டர். ஒரு மாதத்தில் பாலங்களையும் ஆற்று வளைவுகளையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். 3-இல் திரை மூலையில் வட்ட மேப், மேலே அம்பு, தூரம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற நினைவூட்டல். வசதிதான். ஆனால் அந்தத் தீவில் இப்போது என்னைக் கண்ணைக் கட்டி விட்டால் எனக்கு ஒரு இடமும் அடையாளம் தெரியாது.

மலேரியாவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். யோசனை நல்லது, செய்த விதம் மெலிந்தது. திரை மங்கும், பட்டனை அழுத்துவீர்கள், மாத்திரை உள்ளே போகும், அவ்வளவுதான். மாத்திரை தீர்ந்தால், நாட்டை விட்டு ஓடக் காத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயணப் பத்திரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த வேலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முழு ஆட்டத்திலும் சாதாரண ஜனங்களை நீங்கள் பார்ப்பது கிட்டத்தட்ட அங்கே மட்டும்தான்.

2-ஐக் கண்டிக்க வேண்டிய பெரிய இடமும் இதுதான் என்று நினைக்கிறேன். மலேரியாவைத் திட்டிய பலர் இதைக் கேட்கவே இல்லை. ஒரு நாட்டின் போரைப் பற்றிய கதை, அதில் அந்த நாட்டு மக்கள் இல்லை. சந்தை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, குழந்தை இல்லை. எல்லாரும் ஓடிவிட்டார்கள் என்பது கதைப்படி சரி. ஆனாலும் வெளியூர்க் கூலிப்படையினர் பேசுவதையே மணிக்கணக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது. 3 இதில் மேல் என்றும் சொல்ல மாட்டேன். ராக்யாட் என்ற பூர்வகுடியைக் காப்பாற்ற எங்கிருந்தோ வந்த பணக்காரப் பையன் வேண்டியிருக்கிறது. அது நையாண்டி என்று கதை எழுதிய ஜெஃப்ரி யோஹாலம் பேட்டிகளில் விளக்கினார். ஆடிக்கொண்டிருக்கும்போது எனக்கு அப்படித் தெரியவில்லை.

நடிப்பில் 3 தெளிவாக ஜெயித்தது. கொள்ளையர் தலைவன் வாஸ் பாத்திரத்துக்கு நடிகர் மைக்கேல் மாண்டோ கொடுத்த உயிரை இந்த வரிசையில் இன்னும் யாரும் எட்டவில்லை. அவன் திரையில் இருக்கும்போது அடுத்து என்ன செய்வான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். 2-இல் பேசுகிறவர்கள் நிறுத்தற்குறியே இல்லாத மாதிரி மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஜாக்கலின் ஒலிநாடாக்களில் எழுத்து நன்றாக இருந்தும், முக்கியமான கட்டங்களில் சொற்கள் வேகத்தில் காணாமல் போகின்றன. இதற்குச் சாக்கே கிடையாது. ஆனால் 3 அந்த வாஸையே கதை முடிவதற்கு ரொம்ப முன்னால் அனுப்பிவிட்டு, ஹோய்ட் என்ற சப்பை வில்லனோடு நம்மைத் தென் தீவில் விட்டுவிட்டது.

கடைசியாகக் கூட்டாளிகள். 2-இல் உங்களைப் போலவே கூலிக்கு வந்த, வாரன் மாதிரி சிலரோடு பழக்கம் வரும். நீங்கள் சுடப்பட்டு விழுந்தால் ஒருவன் ஓடி வந்து இழுத்துப் போய்க் காப்பாற்றுவான். அவன் விழுந்தால், உங்கள் காயத்துக்குப் போட்டுக்கொள்ள வைத்திருக்கும் ஊசியை அவனுக்குப் போட வேண்டும். சில சமயம் ஒன்று போதாது, இன்னொன்று கேட்பான். ஊசி இல்லையென்றால் விட்டுவிட்டு நடக்கலாம், இல்லை, துப்பாக்கியால் அவன் வேதனையை முடிக்கலாம். செத்தால் செத்ததுதான், ஆட்டம் முடியும்வரை வரமாட்டான். 3-இல் மீட்ட நண்பர்கள் ஒரு டாக்டர் வீட்டுக் குகையில் பத்திரமாக உட்கார்ந்திருப்பார்கள். 2018-இல் வந்த ஃபார் க்ரை 5-இல் கூட்டாளிகள் மறுபடி வந்தார்கள். ஆனால் விழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடுவார்கள்.

எதை ஆடலாம் என்று கேட்டால்: வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் சந்தோஷமாகச் சுட வேண்டுமா, 3. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 2-ஐ எடுக்கிறவர்கள் சாலையை விட்டுவிடுங்கள், ஆற்றில் படகில் போங்கள். தூரம் என்றால் பஸ் பிடியுங்கள். முதல் வைரத்துக்கு நல்ல துப்பாக்கி வாங்குங்கள். சண்டைக்கு முன்னால் தொலைநோக்கியை எடுத்து இடத்தை நோட்டம் விடுங்கள். இவ்வளவு செய்தாலே திட்டில் பாதி உதிர்ந்துவிடும்.

என் தம்பிக்கும் இதையேதான் சொன்னேன். 3-ஐ இரண்டு தடவை முடித்தவன். என் பேச்சைக் கேட்டு 2-ஐ ஆரம்பித்துவிட்டு, முதல் வாரம் முழுக்க, "அண்ணா, அந்தப் பாலத்து செக்போஸ்டை எத்தனை தடவைதான் காலி பண்றது?" என்று புலம்பிக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணா, வாரன் போயிட்டான்."

பழைய சேவ் இருக்குமே, அதிலிருந்து எடுக்க வேண்டியதுதானே என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எடுக்கலை. இருந்த ஊசி எல்லாத்தையும் அந்தப் பாலத்துலயே எனக்குப் போட்டுக்கிட்டேன் அண்ணா."