ஸ்கோஷியா பிரின்ஸ் கப்பலில் கொழும்புக்கு ஆறு தடவை போய் வந்த அனுபவம்

எனக்குப் பத்தமடைப் பாய் வியாபாரம். கொழும்பு வெள்ளவத்தையில் கல்யாண வீடுகளுக்கு, மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்த பாய் என்றால் நல்ல கிராக்கி. ஆனால் விமானத்தில் நாலு சுருள் கொண்டுபோனால் லாபமெல்லாம் சுமைக்கூலிக்கே போய்விடும். அதனால்தான் 2011 ஜூன் 13 அன்று அப்போது மத்தியக் கப்பல்துறை அமைச்சராக இருந்த ஜி.கே.வாசன் கொடியசைத்துத் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் ஆரம்பித்ததும் அந்த மாதமே டிக்கெட் எடுத்தேன். நவம்பரில் நிற்பதற்குள் ஆறு தடவை போய் வந்துவிட்டேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம், "ஓட்டைக் கப்பலைக் கொண்டுவந்து ஓட்டினா எப்படில நிக்கும்" என்று டீக்கடையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தக் கப்பலை அப்படிச் சொல்வது அநியாயம்.

வயதான கப்பல்தான், மறுக்கவில்லை. 1972-ல் யூகோஸ்லாவியாவில் கட்டியது, அப்போது பெயர் ஸ்டெனா ஒலிம்பிகா. சுவீடனின் கோதன்பர்க்குக்கும் ஜெர்மனியின் கீலுக்கும் இடையே ஓடியது. 1982-ல் கை மாறி, ஸ்கோஷியா பிரின்ஸ் ஆகி, அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து கனடாவின் யார்மவுத்துக்கு 2004 வரை சீசன் தவறாமல் ஓடியது, சூதாட்டக் கூடத்தோடு. 2005-ல் கத்ரீனா புயல் அடித்தபோது நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் வீடிழந்தவர்கள் தங்கும் இடமாக நின்றது. அப்புறம் 2011 பிப்ரவரி கடைசியில் லிபியாச் சண்டையில் மாட்டிக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் நாட்டுக்காரர்களை பெங்காசியில் ஏற்றி எகிப்தில் இறக்கியது. அது முடிந்து நாலே மாதத்தில் நம்ம தூத்துக்குடிக்கு வந்து நின்றது.

ஒரு தடவை ஆச்சியைக் கூட்டிப்போனேன். தாத்தா கொழும்பு புறக்கோட்டையில் மளிகைக் கடையில் கணக்கெழுதிய காலத்தில் அங்கே இருந்தவள், விமானம் என்றால் பயம். ராத்திரி படுக்கையில் உட்கார்ந்து, சுக்குக்காப்பி டம்ளரைப் பக்கத்துப் பலகையில் வைத்தாள். காப்பி மேல் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "எஞ்சின் ஒழுங்காத்தான் ஓடுதுல, நீ தூங்கு" என்றாள். காலையில் மேல்தளத்தில் நின்று துறைமுகத்தைப் பார்த்தவள், இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த ஒரு பயணமே போதும்.

அது நின்றுபோன காரணம் வேறு. கார் ஏற்றுவதற்கென்றே கட்டிய கப்பல் அது. கீழ்த்தளம் கிட்டத்தட்ட ஒரு மைதானம், வண்டிகளைச் சங்கிலி போட்டு இறுக்கத் தரை முழுக்க இரும்புப் பிடிகள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடிய காலத்தில் அந்தத் தளமும் சம்பாதித்தது. நான் போன ஆறு தடவையும் அங்கே ஒரு கார் ஏறியதைப் பார்க்கவில்லை. மேலே ஆயிரம் பேருக்கு மேல் இடம், பாதி கூட நிறைந்து நான் பார்த்ததில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சின் குடிக்கிற எண்ணெய் குறையாதே! நூறு வருஷத்துக்கு முன்னால் இதே தடத்தில் காலியா, லாவோ என்று கப்பல் விட்ட வ.உ.சி.க்கு எதிராளி வெள்ளைக்காரக் கம்பெனி. இதற்கு எதிரி காலி இடம்தான்.

நவம்பரில் ஒரு கல்யாணப் பாயைச் சுருட்டிக் கட்டி வைத்திருந்தேன், கிளம்புவதற்கு முந்தின நாள் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் போன் பண்ணி, கப்பல் இல்லை என்று மட்டும் சொன்னார். பணம் திரும்பி வர நாலு மாதம் அலைந்தேன். பாயை விமானத்தில் அனுப்பினேன், முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 2012-ல் கப்பலையும் உடைக்கக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு ஓடுவது 150 பேர் போகிற சின்னக் கப்பல். சரியான அளவு அதுதான் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியிலிருந்தும் அப்படி ஒன்று விடட்டும், பாய்ச் சுருளை நீட்டி வைக்க ஆறடி இடம் இருந்தால் முதல் டிக்கெட் நான் எடுக்கிறேன்.