மலாவியா, ஏஞ்சலா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

எங்கள் வீட்டு வளவை ஒட்டிய அறையில் நாலடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடந்தது. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 250 லிட்டர் பிடிக்கும். சிக்லிட் விடப்போகிறேன், நம் ஊருணி ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்கார மீன் என்று ஆயாவிடம் சொன்னேன். “அப்ப குழம்புக்கு ஆகுமா தம்பி?” என்றார்கள். சொந்தம் உண்மைதான். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ஜிலேபி, 1952இல் இந்தியாவுக்கு வந்த சிக்லிட்.

போட்டி இரண்டுக்குள்தான்: ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் பாறை மீன்களான ம்புனா, அமேசான் பக்கத்து ஏஞ்சல். இரண்டும் சிக்லிட்தான். இரண்டையும் ஒரே தொட்டியில் விடலாம் என்று கடைக்காரர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர், வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படியும் ரகம். பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 7.8 முதல் 8.6 வரை கேட்கும் மலாவி மீனுக்கு இது தோது. ஏஞ்சலுக்கு 6 முதல் 7.5 வரை, உப்புக் குறைந்த தண்ணீர் பிடிக்கும். பண்ணையில் பிறந்தவை கொஞ்சம் முன்பின் பொறுத்துக்கொள்ளும். வளவுக் கூரையில் மழைத் தண்ணீர் பிடிக்கும் வீடென்றால் கணக்கே மாறும். முதல் மழையை ஓடவிட்டு, அடுத்ததைப் பிடித்துப் போர் தண்ணீரோடு கலந்தால் ஏஞ்சல் செழிக்கும். மழைத் தண்ணீர் மட்டும் போதாது, பிஎச் சரிந்துவிடும். பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். செம்பு, பித்தளை அண்டா கூடவே கூடாது. செம்பு மீனுக்கு நஞ்சு.

குணத்தில் ம்புனா சண்டைக்கோழி. வைத்தியமும் விசித்திரம்: கூட்டத்தைக் கூட்டுவது! பதினைந்து மீன் இருந்தால் ஒன்றையே எல்லோரும் துரத்த முடியாது. ஓர் ஆணுக்கு மூன்று, நான்கு பெண். ம்புனா வகைகளில் மஞ்சள் நிற எலோ லேப், ரஸ்டி இரண்டும் சாது. ஆராட்டஸ் வேண்டவே வேண்டாம். ம்புனா மணலைத் தோண்டும் என்பதால் பாறையை அடிக்கண்ணாடி மேல் வைத்துவிட்டு, பிறகு மணலைப் போடுங்கள். உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல்லைப் போடலாமே என்று என் மச்சான் கேட்டார். அதன் சாயப்பொடியை நம்பி மீனை விடமாட்டேன்.

ஏஞ்சல் குஞ்சுகளாக ஆறு வாங்கலாம். ஜோடி சேர்ந்ததும் மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். அப்போது மிச்சத்தை வேறு தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். கூட நியான் டெட்ரா என்ற பொடி மீனை விட்டால், ஏஞ்சல் வளர்ந்தபின் அது தீனி.

சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தொடும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அந்நேரம் கரண்டும் போனால் நெரிசலான ம்புனாத் தொட்டிதான் முதலில் திணறும். இந்த ஒன்றில் ஏஞ்சலுக்கே என் ஓட்டு. பேட்டரி ஏர் பம்ப் இல்லாமல் மலாவி பக்கம் போகாதீர்கள்.

மற்ற சிக்லிட்களில் ஆஸ்கர் ஓரடி வளரும். ஃப்ளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் உருவான கலப்பினம், தனிக்காட்டு ராஜா. கூட்டு வாழ்க்கைக்கு இரண்டும் ஆகாது.

நான் எலோ லேபும் ரஸ்டியும் விட்டேன். போன மாதம் ஒரு மஞ்சள் மீன் தாடை உப்பி, தீனியைத் தொடாமல் கிடந்தது. நான் பதறினேன். ஆயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்கள். “வாயில முட்டை வச்சிருக்குடா. ஜிலேபியும் இப்படித்தான்.”